மருந்து மேசையில் ஒரு புங்க எண்ணெய்ப் புட்டி

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு நடந்து வரும்போது உங்களில் சின்னவன் என்னிடம் ஒன்று கேட்டான். அம்மாவின் மருந்து மேசையில் இருக்கிற எல்லாப் புட்டிகளிலும் அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒன்றில் மட்டும் கையால் எழுதிய சீட்டு, அதுவும் கோழி கிளறினது போல. அதற்குள் இருப்பதும் மருந்து இல்லை, விளக்குக்கு ஊற்றுகிற புங்க எண்ணெய். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டான். பெரியவள், "அது அப்பா எழுத்துடா" என்று சொல்லிச் சிரித்தாள். உங்கள் அம்மா நமக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

அவளைக் கேட்டால் சொல்ல மாட்டாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன். ஆறாவது வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் மாற்ற வேண்டாம்.

இன்றைக்கு இந்தப் பக்கத்தில் யாருக்குக் கை வெந்தாலும், குழந்தைக்கு வலிப்பு வந்தாலும், நர்சம்மாவைக் கூப்பிடு என்கிறார்கள். அவள் வருகிறாள், ஒரு நிமிஷம் சும்மா பார்க்கிறாள், பிறகு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போகிறாள். அவள் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் ஆறு மாதம் அவளைப் பார்த்திராவிட்டால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அப்போது நான் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஆள். ஷாப்பு வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது வேண்டியிருக்கும். வெளியூரிலிருந்து ரயிலில் வருகிற காய்ந்த மாட்டுத்தோல் முதலில் கிடங்குக்குப் போகும். கிடங்கு ஆட்கள் அதைக் கட்டுக்கட்டாகத் தோளில் சுமந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். ஊறினதும் எங்களிடம் வரும். சுண்ணாம்புத் தொட்டியில் சில நாள் கிடந்தால்தான் மயிர் இளகும். பிறகு மயிரையும் சதையையும் சீவித் தள்ளி, கடைசியில் தோலைப் பதமாக்க ஆவாரம்பட்டைத் தொட்டி, அதோடு கடுக்காய். ஒரு தொட்டி ஆள் இன்னொரு தொட்டிக்குப் போக மாட்டான். அதனால் ஒருவன் கையைப் பார்த்தே அவன் என்ன வேலை என்று நாங்கள் சொல்லிவிடுவோம். பட்டைத் தொட்டிக்காரனுக்கு முழங்கை வரை செம்பழுப்பு. கடுக்காய் அரைக்கிறவனுக்கு நகம் கறுப்பு. எங்களுக்கு விரல் நுனியில் குண்டூசி குத்தினது போல ஓட்டை. சுண்ணாம்பு தின்ற ஓட்டை அது. பார்க்கச் சின்னதாக இருக்கும், உள்ளே எலும்பு வரை காந்தும்.

ஷாப்பு முதலாளி சாயபு வீட்டில் ஒரு பிரசவம் கஷ்டமாகி, வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா ஒருவர் வந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்தார். அந்த நன்றியில் முதலாளி, பட்டை மூட்டை போட்டிருந்த ஓர் அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, தொழிலாளருக்கு மருந்து கொடுக்க எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைத் தந்தார். ஒரு பேச்சும் பேசிக்கொண்டார்கள். தை பிறக்கிற வரைக்கும் பார்ப்பது. ஆட்கள் வந்து பிரயோஜனம் இருந்தால் அறை நிற்கும். இல்லாவிட்டால் சாவி திரும்ப முதலாளிக்கு. நர்ஸ் திரும்ப வேலூர் ஆஸ்பத்திரி வார்டுக்கு.

அந்த நர்ஸ்தான் உங்கள் அம்மா. ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண். பரீட்சை தேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்த இடத்துக்கு அவளை யாரும் அனுப்பவில்லை, அவளே கேட்டு வாங்கி வந்தாள் என்று பிறகு எனக்குத் தெரிந்தது. வார்டில் அவளைப் பற்றி, கை சுத்தம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறாள் என்று சொல்வார்களாம். முகம் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் தன்னால் நிற்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தாள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போய் நின்றால் எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆடி மாதக் கடைசியில் வந்தாள். வெள்ளைப் புடவை, இடுப்பில் ஒரு கத்தரிக்கோல், முகத்தில் சிரிப்பே இல்லை. பயந்தவர்கள் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ரொம்பக் கர்வமான பொண்ணு என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

முதல் வாரத்தில் போனவர்களில் நானும் ஒருவன். வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு ஓட்டை. காலையில் வேலைக்கு இறங்குவதற்கு முன்னால்தான் போனேன், ஏனென்றால் அறை திறந்திருப்பது காலையில்தான். அவள் என் கையைப் பிடித்து விளக்கில் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கையில இன்னா இவ்ளோ பிசுக்கு?"

"எண்ணெய்ம்மா."

அவள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் சோப்பும் பிரஷும் எடுத்து வந்தாள். இரண்டு கையையும் முழங்கை வரை தேய்த்தாள். அழுக்கு போன பிறகும் தேய்த்தாள். எனக்கே என் கை அடையாளம் தெரியவில்லை. பிறகு திரைக்குப் பின்னால் பஞ்சு எடுக்கப் போகிறேன் என்று போய், கொஞ்ச நேரம் கழித்து வந்து, மருந்து வைத்து, விரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கட்டு போட்டாள். அப்படி ஒரு கட்டு நான் பார்த்ததில்லை. பின்னல் போல ஒன்றின் மேல் ஒன்று சரியாக ஏறி உட்கார்ந்திருந்தது. "மருந்து மேல எண்ணெய் படக்கூடாது. மூணு நாளைக்குப் பிரிக்காதீங்க" என்றாள்.

அந்தக் கட்டோடு நான் நேரே சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனேன்.

பிள்ளைகளே, இதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவள் செய்ததில் ஒன்றும் தப்பு இல்லை. வார்டில் படுத்திருக்கிற ஒருவனுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். அவன் கட்டு நனையாது. ஆனால் நாங்கள் தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் கையிலும் காலிலும் புங்க எண்ணெய் தடவிக்கொள்வோம். சுண்ணாம்பு தோலில் ஒட்டாமல் இருப்பது அதனால்தான். அவள் தேய்த்துக் கழுவியது அந்த எண்ணெயை. மேலே எண்ணெய் படக்கூடாது என்று அவள் சொன்னதால் நானும் தடவவில்லை. கட்டுத்துணி சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, நாள் முழுக்கக் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளைக்குப் பிரிக்காதே என்றாளே, நானும் பிரிக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற வயசு எனக்கு அப்போது.

நான்காம் நாள் பிரித்தபோது கட்டோடு தோலும் வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்த கிழங்கு போல இருந்தன.

ஷாப்பு மேஸ்திரி என் கையைப் பார்த்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னாடா, ஒரு ஓட்டைய அடைக்கப் போயி ஒம்போது ஓட்டையோட வந்துக்கீறே" என்றார். பக்கத்துத் தொட்டிக்காரன், "நர்சம்மா கட்டோட கல்யாணத்துக்குப் போலாம் மேஸ்திரி, வேலைக்குப் போவ முடியாது" என்றான். அது ஷாப்பு முழுக்கப் பரவிவிட்டது. யாராவது விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தால், கல்யாணம் எங்கே என்று கேட்பார்கள். ஆவணி பாதிக்கு மேல் அந்த அறைக்கு ஆள் போவது நின்றே போய்விட்டது.

மேஸ்திரி வாய்தான் அப்படி. கை இப்படி இருந்தால் தொட்டிக்கு ஆகாது என்று, அறைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து வாசலில் உட்காரும் வேலையை எனக்குக் கொடுத்தார். அதனால்தான் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் காலையில் அறையைத் திறப்பாள். கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கொதிக்க வைப்பாள். வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைப்பாள். ஆள் வராது. மதியம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைப்பாள். எப்போதாவது யாராவது வந்தால், கொஞ்சம் கேட்டுவிட்டு, பஞ்சு எடுத்து வர்றேன் என்று திரைக்குப் பின்னால் போவாள். பஞ்சு மேசையிலேயே இருக்கும். ஒருநாள் காற்றில் திரை விலகியபோது பார்த்தேன். தட்டுக்கு அடியில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். படிக்கிற காலத்தில் எழுதிய நோட்டு. விரலை வைத்து வரிவரியாக வேகமாகப் படித்துக்கொண்டிருந்தாள், உதடு அசைய. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் பஞ்சு எடுக்கப் போகும்போதெல்லாம், வந்தவர்களிடம் நான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

என் கையை மட்டும் அவளுக்குக் காட்டவில்லை. துண்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாவமாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய தவலையை ஒரு கையால் எத்தனை நாள் தூக்க முடியும்? ஒருநாள் தண்ணீர் சிந்திவிட்டது.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாத கையை எதுக்குத் துணியில சுத்தி வெச்சிருக்கீங்க?"

பழைய புண் என்றேன். அவள் துண்டை எடுத்தாள். விரல் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள்.

"பழசு இல்ல. இது நான் கழுவின கை. அன்னிக்கு இந்த ஒரு வெரல்லதான் ஓட்டை இருந்தது" என்றாள். "என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். எண்ணெயைச் சொன்னேன், தொட்டியைச் சொன்னேன், கல்யாணக் கட்டு என்று சிரிக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்கு முன்பே காதில் விழுந்திருந்தது, அர்த்தம்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அவள் அழவில்லை. என் கையை வெறும் தண்ணீரில் ரொம்ப நேரம் வைத்திருந்து, களிம்பு போட்டு, கட்டாமல் மெல்லிய துணி மட்டும் மேலே போட்டாள். அன்றைக்குப் பஞ்சு எடுக்கப் போகவில்லை. நோட்டில் அதைப் பற்றி ஒன்றும் இருந்திருக்காது.

அடுத்த நாள் காலையில் அறையைத் திறக்கவில்லை. என்னிடம் வந்து, தொட்டி எங்கே, காட்டுங்கள் என்றாள்.

பெண்பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. நாற்றம் ஒரு பக்கம், ஆட்கள் கோவணத்தோடு நிற்பது ஒரு பக்கம். மேஸ்திரிக்குப் பேஜாராகிவிட்டது. "இன்னாம்மா, தோல் வாங்க வந்தியா?" என்றார். அவள், "இல்ல மேஸ்திரி, பாக்க வந்தேன். நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு ஓரத்தில் நின்றாள். ஆட்கள் அவசர அவசரமாக வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். கம்பத்தில் தொங்குகிற கொட்டாங்கச்சியிலிருந்து ஒவ்வொருவரும் எண்ணெய் எடுத்து, விரலிடுக்கு, நகக்கண், கணுக்கால் என்று தடவுவதை அவள் பார்த்தாள். கொஞ்சம் எடுத்துத் தன் விரலில் தடவி மோந்து பார்த்தாள். ஒரு பகல் முழுக்க அங்கேயே நின்றாள். மறுநாள் சீவுகிற இடம். அதற்கு மறுநாள் பட்டைத் தொட்டி, கடுக்காய். அதற்கும் அடுத்த நாள் கிடங்கு. எல்லா இடத்திலும் கையையே பார்த்தாள். அவர்கள் எந்தக் கையால் பிடிக்கிறார்கள், எங்கே தோள் கொடுக்கிறார்கள், தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்தாள். சாயங்காலம் வந்து, நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதுவாள். எந்த வேலைக்காரனுக்கு எங்கே கறை, எங்கே புண், எங்கே தழும்பு என்று எழுதினாள். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பாள். என்னை "அண்ணே" என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, "இங்க பாருங்க" என்பதோடு சரி. அப்போதே ஏதாவது யோசனை இருந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் முறைக்கிறாள்.

அந்த வாரத்தோடு அறை திறக்கிற நேரத்தை மாற்றிவிட்டாள். காலையில் இல்லை, சாயங்காலம், ஆட்கள் தொட்டியை விட்டு ஏறி, குளித்த பிறகு. அப்போது மருந்து போட்டால் விடிகிற வரை கை காய்ந்திருக்கும். காலையில் அவளே தொட்டி ஓரத்துக்குப் போய், புண் இருக்கிறவனின் துணியை எடுத்துவிட்டு எண்ணெய் தடவச் சொல்லி அனுப்புவாள். வேலூரில் கேட்காமல் நேரத்தை மாற்றினாள். அது பெரிய விஷயம். மாதம் ஒருமுறை வருகிற டாக்டரம்மா, புரட்டாசியில் வந்து ஏட்டில் பெயர்கள் ரொம்பக் கம்மியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தை மாதத்தை நினைவில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிறகு வேலூரில் வேலை ஜாஸ்தியாகி, மார்கழி முடிகிற வரை அவரால் வர முடியவில்லை.

ஆட்கள் உடனே வந்துவிடவில்லை. ஐப்பசியில் ஒருவன், இருவர். யார் வந்தாலும் முதலில் புண்ணைப் பார்க்க மாட்டாள். "இன்னா வேல? எந்தத் தொட்டி? மறுபடி எப்ப எறங்கணும்?" இதைத்தான் கேட்பாள். சிலருக்குக் கோபம் வரும், புண்ணைப் பார்க்கச் சொன்னால் ஊர்க்கதை கேட்கிறாளே என்று. கார்த்திகையில் சாயங்காலம் வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் போவதும் குறைந்தது. ஒருநாள் பஞ்சு எடுக்கப் போனவள் உடனே வந்துவிட்டாள். பார்த்தால், கையில் உண்மையாகவே பஞ்சு.

என் ஆள்காட்டி விரல் ஆறிவிட்டது. கட்டைவிரல் ஆறியது, ஆனால் முழுக்க மடங்கவில்லை. நீங்கள் இழுத்து விளையாடுவீர்களே, அந்தக் கட்டைவிரல்தான்.

மார்கழி கடைசியில், பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கிடங்கு ஆள் ஒருவன் வந்தான். நல்ல திடகாத்திரமானவன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். வலது பக்கம் கழுத்தில், தோளுக்குக் கொஞ்சம் மேலே, கறுப்பாக ஒரு வட்டம். நடுவில் குழி. சுற்றிலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், அதற்கு வெளியே வீக்கம்.

"வலிக்குதா?" என்றாள்.

"வலியே இல்லம்மா. அரிக்குது, அவ்ளோதான். கறை பட்டுது, சொறிஞ்சிட்டேன். ஒரு கீறு கீறி வுட்டா சரியாப் போய்டும். எம் பொண்டாட்டிதான் ஓயாம போ போன்னு தொரத்தினா."

அவள் விளக்கை அருகில் கொண்டுவந்தாள். கையை நீட்டியவள், தொடாமல் நிறுத்திக்கொண்டாள். "பஞ்சு எடுத்து வர்றேன்" என்று திரைக்குப் பின்னால் போனாள்.

அப்படி அவள் போய் ரொம்ப நாளாகியிருந்தது. திரை ஓரத்தில் நின்று பார்த்தேன். முதலில் முன்பக்கங்களைப் புரட்டினாள். கட்டி என்றால் ஒத்தடம், பழுத்தால் கீறு என்றுதான் அங்கே எழுதியிருந்தது. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது. அந்த வரியை நான் பிறகு படித்தேன். "கிடங்கு — கறை கிடையாது."

கிடங்கு ஆள் பட்டையைத் தொடுவதில்லை. கடுக்காயைத் தொடுவதில்லை. காய்ந்த தோலைத்தான் சுமக்கிறான், வலது தோளில். அப்படியிருக்க, அவன் கழுத்தில் கறுப்பு எங்கிருந்து வரும்?

வெளியே வந்தாள். கையில் பஞ்சு இல்லை.

"இதுல நான் கை வெக்க மாட்டேன். நீங்களும் தொடாதீங்க, சொறியாதீங்க. இப்பவே வேலூருக்குப் போவணும்."

வாசலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு கட்டியைக் கீறப் பயந்துகொண்டு வேலூருக்கு அனுப்புகிறாள் என்றார்கள். சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி, நாளைக்குக் கிடங்கில் புதுச் சரக்கு இறங்குகிறது, ஆள் போக முடியாது என்றார். "தா பாரும்மா, இவனை அங்க அனுப்பி, அவங்க ஒரு கீறு கீறி ஒடனே திருப்பி அனுப்பினாங்கன்னா, அப்புறம் இந்த ரூம்புக்கு நீ தேவையே இல்லன்னு மொதலாளி சொல்லுவாரு. ஓசிச்சுக்கோ" என்றார். அவர் மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கிடங்கு ஆள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஓசிச்சுட்டேன் மேஸ்திரி. அவர் போவட்டும்" என்றாள்.

நான்தான் அவனை அழைத்துக்கொண்டு போனேன். ஒரு துண்டுக் காகிதத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தாள். ஒட்டவில்லை, அதனால் ரயிலில் படித்தேன். "இவர் காய்ந்த மாட்டுத்தோல் கிடங்கில் சுமை தூக்குபவர். கழுத்தில் கறுப்புப் புண். வலி இல்லை என்கிறார். அவர் வேலையில் கறை படுவதில்லை. இது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கழுவவில்லை. கீறவில்லை. தயவுசெய்து உடனே பார்க்கவும்." அவ்வளவுதான்.

ஆம்பூரில் ரயில் ஏறும்போது அவன், ஒரு கட்டிக்கு ரயில் சவாரி கிடைச்சுதே என்று சிரித்துக்கொண்டிருந்தான். குடியாத்தம் தாண்டும்போது பேச்சுக் குறைந்தது. காட்பாடியில் இறங்கும்போது வீக்கம் காது வரை ஏறியிருந்தது, உடம்பு கொதித்தது. ஜட்கா வண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தான்.

டாக்டரம்மா சீமையிலிருந்து வந்தவர், தமிழை எழுத்துக்கூட்டுவது போலப் பேசுவார். கடிதத்தைப் படித்தார். உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"இதை யாரும் கீறவில்லையே? நிச்சயமாக?"

"இல்லம்மா. நர்சம்மா தொடவே வுடல."

அவனை உடனே தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, மேல்துண்டை வாங்கி எரித்துவிட்டார்கள். பிறகுதான் டாக்டரம்மா சொன்னார். மாட்டுக்கு வருமே அடைப்பான், அதே நோய். அடைப்பானில் செத்த மாட்டின் தோலோடு ஒட்டி வந்து, அதைச் சுமக்கிற மனிதனைப் பிடிக்கும். கீறியிருந்தால் விஷம் ரத்தத்தில் இறங்கியிருக்கும் என்றார். இப்போதும் பிழைப்பான் என்று சொல்ல முடியாது, ஆனால் வழி இருக்கிறது என்றார்.

இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் கஞ்சி கேட்டான். அதற்குப் பிறகு நான் ஊருக்குத் திரும்பி வந்து, உங்கள் அம்மாவிடம், அவன் கஞ்சி கேட்டான் என்று சொன்னேன். அவள் கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்தாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஆறு மாதத்தில் அவள் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பொங்கலுக்கு முந்தின நாள் டாக்டரம்மாவும் முதலாளியும் வந்தார்கள். மேஸ்திரி பின்னால் நின்றார். டாக்டரம்மா கிடங்கு ஆளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அதனால் முதலாளி முகம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு டாக்டரம்மா ஏட்டைப் பார்த்தார். நேரம் மாறியிருப்பதைப் பார்த்தார். யாரைக் கேட்டு மாற்றினாய் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். அவள் காரணம் சொன்னாள். டாக்டரம்மா சுற்றிப் பார்த்தபோது, வாசலில் நின்ற என் கை கண்ணில் பட்டது. இது என்ன என்றார்.

நான், "அது தொட்டியில..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் அதோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

"இல்லம்மா" என்றாள் அவள். "அது நான் பண்ணது. எண்ணெயைக் கழுவிட்டு, ஈரத்துல நிக்கிறவருக்கு வார்டுக் கட்டு போட்டு அனுப்பிட்டேன். ஆள் வராம போனது அதனாலதான். இவர் மேல தப்பு இல்ல."

மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முதலாளி தன் தாடியைத் தடவினார். டாக்டரம்மா என் கட்டைவிரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார், அது பாதியில் நின்றது. ரொம்ப நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சாவி முதலாளி கைக்குப் போகப் போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

"இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்டார்.

அவள் குனிந்தாள். மேசைக்கு அடியிலிருந்து மருந்து தீர்ந்த ஒரு பழைய புட்டியை எடுத்தாள். அதில் புங்க எண்ணெய் இருந்தது. டாக்டரம்மா பார்த்து ஏதாவது சொல்வார் என்று அதை ஒளித்து வைத்திருந்தாள். ராத்திரி மருந்து, காலையில் மருந்துத்துணியை எடுத்துவிட்டு இது, என்ன வேலை என்று கேட்காமல் யாரையும் கழுவுவதில்லை, என்றாள்.

டாக்டரம்மா புட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சாவிய நீங்களே வெச்சுக்கோங்கம்மா, அங்க தோல் வண்டி நிக்குது, நான் போவணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மேஸ்திரியும் கூடவே போனார். போகும்போது என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா புட்டியை மேசைக்கு அடியில் வைக்கவில்லை. மேலே, அயோடின் பக்கத்தில் வைத்தார். "சீட்டு இல்லாமல் ஒரு புட்டியும் என் மேசையில் இருக்கக் கூடாது" என்றார். உங்கள் அம்மா பென்சிலை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை என்னிடம் நீட்டினாள்.

கட்டைவிரல் மடங்காமல் நான் எழுதிய முதல் எழுத்து அது. அதனால்தான் அப்படி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எண்ணெய் பட்டு அந்தச் சீட்டு மூன்று தரம் நைந்துபோயிற்று. மூன்று தரமும் நல்ல எழுத்தில் எழுதித் தருகிறேன் என்று பெரியவள்கூடக் கேட்டாள். உங்கள் அம்மா விடவில்லை. என்னையே எழுதச் சொன்னாள்.